வழிச்செல்வார்க்கு இல்லம்

பசித்து வந்தவர்க்கு உணவும், களைத்து வந்தவர்க்கு இடமும் அளித்தல் மக்கட் பண்புகளுள் தலையாயது. அப்பண்பு எந்நாட்டார்க்கும் பொதுவானதே. ஆயினும், அது வெளிப்படும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். நிலத்தின் இயல்பு, நீரின் இயல்பு, மக்களின் வழக்கம் ஆகியவற்றிற்கு ஏற்ப, வழிச்செல்வார் தங்கும் இல்லங்களும் பலவகையாக அமைந்தன. தமிழகத்தின் சத்திரமும் ஜப்பான் நாட்டின் வெந்நீரூற்று விடுதியும் அவ்வகையில் ஒப்பிட்டு நோக்குதற்கு உரியவை.

விருந்தினன் ஒருவன் கேட்ட வினாவையே தன் பெயராகக் கொண்ட ஊர் ஒன்று தொண்டை நாட்டில் உண்டு. அதுவே இன்று திருவள்ளூர் என வழங்கும் திருஎவ்வுள் ஆகும். சாலிகோத்திரர் என்னும் முனிவர் அங்கு நோன்பிருந்தார் என்றும், நோன்பு முடிந்த நாளில் தாம் உண்பதற்கு வைத்திருந்த மாவில் ஒரு பங்கினை, அங்கு வந்த முதியவர் ஒருவர்க்கு அளித்தார் என்றும் தலவரலாறு கூறுகின்றது. முதியவர் பசி அடங்கவில்லை என்றார். முனிவர் தம் பங்கினையும் அவர்க்கே ஈந்து, மீண்டும் பட்டினியாய் நோன்பினைத் தொடங்கினார். மறு ஆண்டும் அம்முதியவரே வந்தார், உண்டார், உண்டபின், "படுப்பதற்கு எவ்வுள்?" என வினவினார். உள் என்பது உறைவிடத்தைக் குறிக்கும் சொல். முனிவர் தமது குடிலையே காட்டினார். அங்கே படுத்தவர் திருமாலாகக் காட்சி அளித்தார் என்பர். வீரராகவப் பெருமாள் இன்றும் அத்தலத்தில் பள்ளிகொண்ட கோலத்திலேயே விளங்குகின்றார்.

அக்கோயிலின் திருக்குளத்திற்கு இருத்தாபநாசினி என்று பெயர். நெஞ்சின் துயரத்தை நீக்குவது என்பது அதன் பொருள். அமாவாசை நாள்களில் மக்கள் திரள்திரளாக வந்து அங்கு நீராடுவர். தம் பிணி வெல்லம்போல் கரைதல் வேண்டும் என்று குளத்தில் வெல்லத்தை இடுவாரும் உளர். முதல்நாள் மாலையே ஊரை அடைந்து, இரவு தங்கி, விடியலில் நீராடி இறைவனை வழிபடுதல் நெடுங்கால வழக்கம். உணவு, உறைவிடம், நீராடல் என்னும் மூன்றும் அவ்வூரில் இவ்வாறு ஒன்றுகூடி நிற்கின்றன.

விருந்து என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் புதுமை என்பது பொருள். எனவே, உறவினரும் நண்பரும் அல்லாது, புதியராய் வந்தவரே விருந்தினர் எனப்பட்டனர். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் எங்கெங்கு எவ்வெவ்வுணவு பெறுவான் என்பதை விரித்துரைக்கின்றது. முல்லை நிலத்தார் தினைச்சோற்றைப் பாலுடன் தருவர்; வரகுச் சோற்றுடன் அவரைப் பருப்பும் கிடைக்கும்; மருத நிலத்திலோ வெண்ணெல்லின் சோறும் கோழிக்கறியும் காத்திருக்கும். அந்தந்த நிலத்தில் விளைந்ததை அந்தந்த நிலத்திலேயே உண்பது வழிப்பயணத்தின் இன்பங்களுள் ஒன்று என்பதை அந்நூல் புலப்படுத்துகின்றது.

பிற்காலத்தில் வழிப்போக்கர் தொகை பெருகியது. தனி வீடுகள் அவர்கள் அனைவர்க்கும் இடமளித்தல் இயலாதாயிற்று. எனவே, அரசரும் அரசியரும் வணிகரும் சாலையோரங்களில் சத்திரங்களை எழுப்பினர். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழிநெடுகப் பல சத்திரங்களை நிறுவினர். இரண்டாம் சரபோசி மன்னர் முக்தாம்பாள் என்னும் அம்மையார் நினைவாக ஒரத்தநாட்டில் அமைத்த சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. அது 1802 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

நாட்டின் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, இவ்வறங்கள் அழிந்துவிடுமோ என்று சரபோசி மன்னர் கவலை கொண்டார். 1801 ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரிக்கு அவர் எழுதிய கடிதம் சத்திரங்களின் நடைமுறையை விளக்குகின்றது. எக்குலத்தவராயினும் வழிச்செல்வார் அனைவர்க்கும் சோறு அளிக்கப்பட்டது. சமைத்த சோற்றை உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் தரப்பட்டன. நள்ளிரவில் மணி ஒலிக்கும். இதுவரை உண்ணாதார் எவரேனும் உளரேல் வந்து உண்க என்று அறிவிக்கப்படும். நோயுற்றவரை மருத்துவர் பேணினர். கைக்குழந்தைகளுக்குப் பால் வழங்கப்பட்டது. கருவுற்ற மகளிர்க்கு வேண்டிய உதவிகள் செய்யப்பட்டன. பயணத்தின் நடுவே பெற்றோர் இறந்துபடின், அவர்தம் மக்கள் சத்திரத்திலேயே வளர்க்கப்பெற்று ஆசிரியரிடம் கல்வியும் கற்றனர். நள்ளிரவு மணியோசை ஒன்றே அவ்வறத்தின் உயர்வை உணர்த்தப் போதுமானது. கேட்டு வந்தவர்க்குக் கொடுத்ததோடு அமையாது, கேளாதிருப்பவரையும் தேடி அழைத்த அறம் அது!

இனி, ஜப்பான் நாட்டை நோக்குவோம். அந்நாடு எரிமலைகள் நிறைந்த தீவுக்கூட்டம். அங்கு 100-க்கு மேற்பட்ட எரிமலைகள் இன்றும் உயிர்ப்புடன் உள்ளன. மழைநீர் நிலத்துள் இறங்கி, வெப்பம் மிக்க பாறைகளால் சூடேறி, உப்புகளையும் கந்தகம் முதலிய கனிமங்களையும் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலெழுகின்றது. இவ்வாறு தோன்றும் வெந்நீரூற்றினை அந்நாட்டார் ஓன்சென் என்பர். அங்குள்ள ஊற்றுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 27,000. ஊற்றிலிருந்து வெளிப்படும்போது 25 பாகை செல்சியசு வெப்பமேனும் பெற்றிருத்தல் வேண்டும். அன்றேல், குறிப்பிட்ட கனிமங்களுள் ஒன்றையேனும் உரிய அளவில் கொண்டிருத்தல் வேண்டும். இதனை 1948 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் வரையறுக்கின்றது.

இவ்வூற்றுகளை அடுத்து மரபுவழி விடுதிகள் எழுந்தன. அவற்றிற்கு ரியோக்கான் என்று பெயர். யமனாசி மாநிலத்து மலைப்பள்ளத்தாக்கில் உள்ள கெய்யுன்கான் என்னும் விடுதி கி.பி. 705 ஆம் ஆண்டில் தோன்றியது. உலகின் மிகப் பழைய விடுதி என 2011 ஆம் ஆண்டில் கின்னசு நூலாரால் ஏற்கப்பட்டது. அது தோன்றிய காலத்தில் காஞ்சியில் பல்லவர் ஆண்டுகொண்டிருந்தனர் என்பதை எண்ணினால் அதன் தொன்மை விளங்கும்.

பின்னர், நாட்டின் பெருவழிகளிலும் விடுதிகள் பெருகின. சிற்றரசர் ஒவ்வொருவரும் தம் நாட்டிலும் தலைநகரான எதோவிலும் மாறிமாறி வாழ்தல் வேண்டும் என்னும் விதி 1635 ஆம் ஆண்டில் உறுதியாக்கப்பட்டது. எதோ என்பதே இன்றைய தோக்கியோ. அரசர் பரிவாரங்களும், அவர்களைத் தொடர்ந்து வணிகரும் வழிபாட்டினரும் சாலைகளில் இடையறாது சென்றனர். எதோவிற்கும் கியோத்தோவிற்கும் இடைப்பட்ட தோக்கைதோ பெருவழியில் மட்டும் 53 தங்கல் ஊர்கள் இருந்தன. அவ்வூர்களில் சிற்றரசர்க்குத் தனி மாளிகையும், பொதுமக்கட்கு உணவுடன் கூடிய விடுதியும் இருந்தன. வறியோர் தங்கும் எளிய விடுதிகளும் உண்டு. அங்குத் தங்குவோர் விறகுக்கு மட்டும் விலை கொடுத்து, தாம் கொணர்ந்த அரிசியைத் தாமே சமைத்துக்கொள்வர். சத்திரத்தில் அரிசி பெற்றுச் சமைத்துக்கொண்ட தமிழகத்து வழிப்போக்கரை இவர்கள் நினைவூட்டுகின்றனர் அன்றோ?

ரியோக்கானில் விருந்தினரை வரவேற்கும் முறை மிக்க ஒழுங்குடையது. விருந்தினர் வாயிலிலேயே காலணிகளைக் களைந்துவிடுவர். விடுதித் தலைவி எதிர்கொண்டு வணங்கி வரவேற்பாள். அறையில் தேநீரும் சிற்றுண்டியும் அளிக்கப்படும். உடுத்துவதற்கு யுகாத்தா என்னும் பருத்தி மேலாடை தரப்பெறும். அதன் இடப்புறத்தை வலப்புறத்தின்மேல் வருமாறு மடித்து உடுத்தல் வேண்டும்; மாற்றி உடுத்துவது இறந்தோர்க்கே உரியது என்பது அவர்தம் வழக்கு. அறையின் தரை முழுவதும் தாத்தமி என்னும் தடித்த பாய்கள் பரப்பப்பட்டிருக்கும். அவை வைக்கோலை உள்ளீடாகவும், கோரை போன்ற புல்லால் நெய்த விரிப்பை மேலாகவும் கொண்டவை. கட்டிலோ நாற்காலியோ அங்கு இராது. பகலில் அமர்வதற்கும் மாலையில் உண்பதற்கும் இரவில் உறங்குவதற்கும் ஒரே அறை பயன்படும். உணவு முடிந்தபின் பணியாளர் வந்து சுவரறையிலிருந்து மெத்தையை எடுத்து விரிப்பர். பாயில் அமர்ந்து, அதன்மீதே உண்டு, அங்கேயே உறங்கிய பழந்தமிழ் இல்லத்தார்க்கு இவ்வாழ்க்கை புதுமையாகத் தோன்றாது.

நீராடலுக்கும் நெறிமுறைகள் உண்டு. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி நீர்நிலைகள் அமைந்திருக்கும். ஊற்றுநீரில் இறங்குமுன், வெளியே சிறு முக்காலியில் அமர்ந்து, உடலை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். துவைக்குந் துணியும் சவர்க்காரமும் நீருள் புகுதல் ஆகாது. அழுக்கைப் போக்கிக்கொள்வதற்கு அன்று, களைப்பைப் போக்கிக்கொள்வதற்கே அந்நீர் உரியது. பின்வருவார்க்கும் அது தூயதாய் இருத்தல் வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து. குசாத்சு என்னும் ஊரில் ஊற்றுநீர் உடல் தாங்கமாட்டாத வெப்பம் உடையது. தண்ணீர் கலந்தால் கனிமங்களின் வலிமை குறையும் என்று கருதி, நீண்ட பலகைகளால் நீரைக் கிளறிக் கிளறி வெப்பத்தைத் தணிப்பர். அப்பொழுது எல்லோரும் கூடிப் பாடுவர். பெப்பு என்னும் ஊரிலோ நிலத்திலிருந்து எழும் நீராவியிலேயே முட்டையும் காய்கறியும் மீனும் வேகவைக்கப்படுகின்றன.

உணவு அந்தந்த வட்டாரத்திற்கு உரியதாய் இருத்தல் ரியோக்கானின் தனிச்சிறப்பு. மலையூரில் மலைக்கீரையும் காளானும் ஆற்றுமீனும் படைக்கப்படும். கடற்கரை ஊரில் நண்டும் கடல்மீனும் இடம்பெறும். சிறுசிறு கலங்களில் சிறிதுசிறிதாக, பருவத்தின் விளைவு விளங்குமாறு அவை பரிமாறப்படும். ஜப்பானியரின் மரபுவழி உணவு முறையை 2013 ஆம் ஆண்டில் யுனெசுகோ உலகப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. பாணன் கண்ட தினைச்சோறும் வரகுச்சோறும் தொண்டை நாட்டின் நிலங்களைக் காட்டியதுபோல, இவ்வுணவுகள் ஜப்பானின் மலையையும் கடலையும் காட்டுகின்றன.

தமிழகத்தின் பெரும்பகுதி மிகப் பழைமையான கடும்பாறையால் ஆனது; உயிர்ப்புள்ள எரிமலை இங்கு இல்லை. எனவே, ஜப்பானில் உள்ளவை போன்ற வெந்நீரூற்று ஊர்கள் இங்கு உருவாகவில்லை. எனினும், தமிழர் வெந்நீரூற்றை அறியாதவர் அல்லர். ஈழத்தில் திருகோணமலையை அடுத்த கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. அவற்றை இராவணன் கதையோடு இணைத்துப் பேசுவர். வடக்கே இமயச் சாரலில் மணிகரண் என்னுமிடத்தில் கொதிக்கும் ஊற்றில் அரிசியும் பருப்பும் வேகவைக்கப்பட்டு, வருவோர்க்கெல்லாம் சீக்கியர் கோயிலில் உணவாக வழங்கப்படுகின்றன.

ரியோக்கானில் தங்குவோர் விலை கொடுக்கின்றனர்; சத்திரத்தில் தங்கியோர் விலை கொடுத்திலர். இஃது இரண்டிற்கும் உள்ள பெருவேறுபாடு. இருவகை இல்லங்களும் குறையற்றவை என்று கூறுதற்கும் இல்லை. நம் நாட்டுச் சத்திரங்கள் பலவற்றில் சாதி நோக்கி இடமும் பந்தியும் வேறாக வகுக்கப்பட்டன. ஜப்பானில் 2003 ஆம் ஆண்டில், தொழுநோயிலிருந்து முற்றும் குணமடைந்தோர் சிலர்க்கு வெந்நீரூற்று விடுதி ஒன்று இடம் மறுத்தது. அச்செயலை அந்நாட்டு மக்கள் பலர் கடுமையாகக் கண்டித்தனர். அழகிய அறையும் அறுசுவை உண்டியும் மட்டும் விருந்தோம்பல் ஆகா. வந்தவர் எவரேயாயினும் மனிதர் என மதித்தலே அதன் உயிர்நிலை.

1856 ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாசாவுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பல நாள் நடை சில மணிப் பயணம் ஆயிற்று. அவ்வாறே பிற பெருவழிகளிலும் இருப்புப்பாதை பரவவே, சத்திரங்களின் தேவை படிப்படியாகக் குறைந்தது. ஆயினும், உறைவிடம் தேடி வருவோர் குறைந்திலர். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொழிற்சாலைகள் மிகுந்துள்ளன. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் பெருவழியில் உள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் பலர் வருகின்றனர். அவர்கள் நீராட வருவோர் அல்லர், உழைக்க வருவோர். ஓர் இரவு தங்கிச் செல்வோர் அல்லர். பல ஆண்டுகள் தங்குவோர். மொழி அறியாத ஊரில் அவர்கள் கேட்கும் முதல் வினாவும், "படுப்பதற்கு எவ்வுள்?" என்பதே.

அவ்வினாவிற்கு விடையளிக்கும் முயற்சிகள் தோன்றாமல் இல்லை. திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. எனினும், ஒரு சிற்றறையில் பலர் நெருங்கிப் படுத்து, முறைவைத்து உறங்கும் தொழிலாளர் இன்னும் உளர். தூய நீர், சூடான உணவு, காற்றோட்டமுள்ள உறைவிடம் ஆகிய மூன்றையும் அவர்கள் பெறுதல் வேண்டும். முனிவர் தம் குடிலைக் காட்டியதும், சத்திரத்தில் நள்ளிரவு மணி ஒலித்ததும், மலைநாட்டு விடுதித் தலைவி வாயிலில் வணங்கி நிற்பதும் ஒரே கடமையின் மூன்று வடிவங்கள். புதியராய் வந்தவர்க்கு இடமளிக்கும் அக்கடமை இன்று ஊராட்சிக்கும் தொழில் நடத்துவோர்க்கும் அண்டை அயலார்க்கும் உரியதாகும்.

பயிற்சி

1. திருஎவ்வுள் என்னும் பெயர் எவ்வாறு தோன்றியது?
2. சரபோசி மன்னரின் கடிதத்தால் சத்திரங்களின் நடைமுறை குறித்து அறியப்படுவன யாவை?
3. ஜப்பானில் வெந்நீரூற்றுகள் மிகுந்திருத்தற்கும், தமிழகத்தில் அவை இல்லாமைக்கும் காரணம் என்ன?
4. சத்திரம், ரியோக்கான் ஆகிய இரண்டிற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை விளக்குக.
5. உம் ஊருக்குப் புதியராய் வந்து வாழும் தொழிலாளர்க்கு ஊரார் செய்யத்தக்க உதவிகளைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.