தந்தையின் பெயரும் தன் உழைப்பும்

முன்னுரை

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று பெரியவர்கள் கேட்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மருத்துவரின் மகள் மருத்துவராக வேண்டும், பாடகரின் மகன் பாடகனாக வேண்டும் என்று ஊரார் எதிர்பார்க்கின்றனர். அந்த எதிர்பார்ப்பு சிலருக்கு ஊக்கம். வேறு சிலருக்குச் சுமை. உலகமே அறிந்த பாடகர் ஒருவரின் மகன், பந்து விளையாடப் போய், பின்பு காப்பி பயிரிட்டு வணிகரான வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். பெற்றோரின் பெயர் பிள்ளையை எவ்வளவு தூரம் சுமந்து செல்லும், எந்த இடத்தில் இறக்கிவிடும் என்பதை இவருடைய வாழ்க்கை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

தந்தை

கரீபியக் கடலிலுள்ள ஜமைக்கா என்னும் தீவில், நைன் மைல் என்ற மலையோரச் சிற்றூரில் 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் பிறந்தவர் பாப் மார்லி. சிறுவனாக இருந்தபோதே தலைநகர் கிங்ஸ்டனின் ஏழை மக்கள் பகுதிக்கு வந்து, நண்பர்களுடன் சேர்ந்து பாடத் தொடங்கினார். ரெகே என்னும் ஜமைக்க இசையை உலகெங்கும் கொண்டு சென்றவர் அவரே. நாட்டில் அரசியல் பகையால் இரத்தம் சிந்திய காலத்தில், 1978ஆம் ஆண்டு நடந்த இசை நிகழ்ச்சி ஒன்றில், எதிரெதிர்க் கட்சித் தலைவர்கள் இருவரை மேடைக்கு அழைத்து அவர்களுடைய கைகளைச் சேர்த்துவைத்தார். இசைக்கு அடுத்தபடியாக அவர் நேசித்தது கால்பந்து. புற்றுநோயால் 1981ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், 36ஆம் வயதிலேயே அவர் மறைந்தார்.

அவருடைய மக்களுள் ஒருவர் ரோகன் மார்லி. 1972ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பிறந்த ரோகனுக்குத் தந்தை இறந்தபோது ஒன்பது வயது நிறைய எட்டு நாட்களே இருந்தன. தந்தை விட்டுச்சென்ற புகழின் அளவை உணரும் வயதா அது?

விளையாட்டுத் திடலில்

சகோதரர்களான ஸிக்கி, ஸ்டீபன், டேமியன் ஆகியோர் இசையில் புகழ் பெற்றனர். அமெரிக்காவின் மயாமி நகரில் வளர்ந்த ரோகனோ வேறு பாதையில் சென்றார். அவர் விளையாடியது அமெரிக்கக் கால்பந்து. பெயர் ஒன்றானாலும் அவருடைய தந்தை ஆடிய கால்பந்து வேறு, இது வேறு. பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையில் ஏந்தியே ஓடுவார்கள். ஓடுகிறவரை எதிரணியினர் மோதிக் கீழே தள்ளுவார்கள். ரோகன் மயாமி பல்கலைக்கழக அணியில் "லைன்பேக்கர்" என்னும் இடத்தில் ஆடினார். முன்வரிசைக்குப் பின்னால் நின்று, அதைத் தாண்டி வருகிறவரைத் தடுத்து வீழ்த்துவது அவருடைய வேலை. பொதுவாக நெடிய, பருத்த உடலினரே இவ்விடத்தில் நிற்பார்கள். ரோகனோ அவர்களைவிடக் குட்டையானவர். பாடகரின் மகன் என்பதற்காக எதிரணியினர் மெதுவாக மோதப்போவதில்லை! பயிற்சியும் மன உறுதியுமே அங்கே துணை.

பின்பு 1995ஆம் ஆண்டு கனடா நாட்டின் "ஒட்டாவா ரஃப் ரைடர்ஸ்" என்னும் தொழில்முறை அணியில் ஆடினார். அடுத்த ஆண்டுப் பந்தயங்களோடு அந்த அணியே கலைந்துபோயிற்று. விளையாட்டு வீரருக்கு உடலின் வலிமை சில ஆண்டுகளே துணை நிற்கும். அதன் பிறகு என்ன செய்வது? இக்கேள்வி ரோகனுக்கும் எழுந்தது.

மலைத் தோட்டம்

1999ஆம் ஆண்டு ஜமைக்காவின் நீலமலைப் பகுதியில், செப்ஸ்டோ என்னும் இடத்தில், 52 ஏக்கர் நிலத்தை அவர் வாங்கினார். என்றேனும் ஒருநாள் உழவுக்குத் திரும்ப வேண்டும் என்பது தம் தந்தையின் ஆசை என்று ரோகன் கூறியிருக்கிறார். ஆசை தந்தையுடையது, ஆனால் வேலை மகனுடையது.

காப்பிச் செடியை இன்று நட்டால் நாளை பலன் கிடைக்காது. முதல் காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். 2,256 மீட்டர் உயரமுள்ள சிகரத்தைக் கொண்ட அந்த மலைத்தொடரில், குளிரிலும் மூடுபனியிலும் பழங்கள் மெல்ல மெல்லவே கனியும். எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை. ஆகவே சரிவான நிலத்தில் மீண்டும் மீண்டும் ஏறிச் சென்று, பழுத்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். பிறகு சதையை நீக்கி, கழுவி, உலர்த்தி, தோலுரித்து, தரம் பிரிக்க வேண்டும். நாம் காலையில் இரண்டு நிமிடத்தில் குடித்து முடிக்கும் காப்பிக்குப் பின்னால் எத்தனை கைகள்!

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. "ஜமைக்கா நீலமலைக் காப்பி" என்னும் பெயரை விரும்பியவர் எல்லாம் பயன்படுத்த முடியாது. சட்டம் வகுத்த எல்லைக்குள், குறித்த உயரத்தில் விளைந்திருக்க வேண்டும். ஏற்றுமதிக்கு முன் சுவைத்துப் பார்த்துத் தரம் அறிவார்கள். அதன் பிறகே அது மரப்பீப்பாய்களில் கப்பலேறும். சென்ற ஆண்டு நன்றாக இருந்தது என்று சொல்லி இந்த ஆண்டுச் சரக்கை அனுப்ப முடியாது. பெயர் பழையதானாலும் சோதனை புதியது.

பெயர் என்னும் பொறுப்பு

நிலம் வாங்கிப் பத்து ஆண்டுகளுக்குப் பின், 2009இல், "மார்லி காப்பி" என்னும் வணிகத்தை ரோகன் மற்றவர்களுடன் சேர்ந்து தொடங்கினார். 52 ஏக்கர் விளைச்சல் பெரிய சந்தைக்குப் போதாது. ஆதலால் எத்தியோப்பியா முதலிய நாடுகளின் காப்பியும் அப்பெயரில் விற்கப்பட்டது. சில பொட்டலங்களுக்குத் தந்தையின் பாடல்களின் பெயர்களையே இட்டனர். காப்பி விளையும் ஊர்களின் சிறுவர் சிறுமியர் கால்பந்து விளையாட உதவும் அறப்பணியும் தொடங்கப்பட்டது. தந்தை நேசித்த விளையாட்டு இவ்வாறு மகனின் தொழிலோடு மீண்டும் வந்து சேர்ந்தது.

ஆனால் வணிகப் பாதையில் பூக்கள் மட்டுமே கிடப்பதில்லை. அந்தக் காப்பியை விற்றுவந்த கம்பெனியின் பங்குகளை மோசடியாக விலையேற்றி விற்றதாக, 2015ஆம் ஆண்டு அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. ரோகன் மீது அவ்வழக்கில் குற்றம் சாட்டப்படவில்லை. எனினும், மார்லி குடும்பத்தின் நிறுவனம், தங்கள் பெயரைப் பயன்படுத்த அக்கம்பெனிக்குத் தந்திருந்த உரிமத்தை 2016ஆம் ஆண்டு ரத்து செய்தது. ஒரு மனிதர் தம் வாழ்நாளெல்லாம் பாடிச் சேர்த்த நற்பெயரை மற்றவர்களின் கணக்குப் புத்தகம் கெடுத்துவிடக்கூடும். ஆகவே பிறர் கையில் நம் பெயரை ஒப்படைக்கும்போது, செடியைக் காப்பதுபோல் அதையும் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும் என்பதை உணர்கிறோம்.

முடிவுரை

ரோகன் தந்தையைப்போல் பாடவில்லை. அதனால் அவர் தந்தைக்குக் குறைந்த மகனாகிவிடவில்லை. விளையாட்டில் உடலின் உழைப்பையும், நிலத்தில் பொறுமையையும், வணிகத்தில் எச்சரிக்கையையும் ஒவ்வொன்றாகத் தாமே கற்க வேண்டியிருந்தது. தந்தையின் பெயர் கடைக்காரரின் கதவைத் திறந்திருக்கலாம். காப்பியின் சுவையை அப்பெயர் தரவில்லை.

நம்மில் சிலருக்குப் புகழ்பெற்ற குடும்பம் வாய்த்திருக்கலாம். பலருடைய பெற்றோரின் பெயரைத் தெருவைத் தாண்டி எவரும் அறியாதிருக்கலாம். இரு சாராருக்கும் தேர்வுத்தாள் ஒன்றே. பெற்றோரின் பெயரை நம் பெயருக்கு முன்னால் எழுதிக்கொள்கிறோம். அந்த முதலெழுத்து அவர்கள் தந்தது. அதன் பின் வரும் பெயருக்குப் பொருள் சேர்ப்பது நம் உழைப்பே அன்றோ? பெற்றோரும் தம் பிள்ளைகள் வேறு பாதையில் கால் வைக்கும்போது, "எங்கே போகிறாய்?" என்று அஞ்சுவதோடு நில்லாமல், "எப்படி உழைக்கிறாய்?" என்றும் கேட்பாராக!