மின்கலம் தளர்ந்தால் மூளையும் மயங்கும்

(பி.எஸ்ஸி., இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

சென்ற ஆண்டு நம் இயற்பியல் ஆய்வகத்தில், மின்னழுத்தமானியைக் கொண்டு லெக்லாஞ்சி மின்கலத்தின் அகமின்தடையைக் காணும் சோதனையைச் செய்துகொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற நண்பர், "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று மெல்லக் கேட்டார். பேராசிரியர் அருகில் இருந்தமையால் நான் விடை கூறவில்லை. இக்கட்டுரையே அந்நண்பருக்கு என் விடை.

என் தந்தையார் திண்டுக்கல்லில் வாடகைக் கார் ஓட்டுபவர். இளமையில் பிறருடைய அம்பாசிடர் காரை ஓட்டியவர். பின்னர் கடன் பெற்று, சில ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். கடன் தவணை, வீட்டுச் செலவு, என் படிப்பு எல்லாம் அந்தக் காரை நம்பியே இருந்தன. 2020 மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, கார் எங்கள் தெரு வேப்பமரத்தடியில் நின்றது. மே மாதம் முடியும்வரை அது அசையவில்லை.

ஜூன் மாதத்தில் சாவியைத் திருப்பியபோது ஒரு சத்தமும் இல்லை. தெருக்காரர்கள் ஐந்தாறு பேர் கூடித் தள்ளினார்கள். அம்பாசிடர் என்றால் அந்நேரம் உறுமிக் கிளம்பியிருக்கும்; இல்லாவிட்டால் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியிருப்பார்கள். இந்தக் கார் தெருமுனைவரை தள்ளியும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் வேறொரு காரிலிருந்து ஜம்பர் கம்பி போட்டுத்தான் எடுத்தார்கள்.

பழைய காரில் எஞ்சினின் உறிஞ்சும் விசையே கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். தீப்பொறிக்குக் கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருந்தால் போதும். இன்றைய காரிலோ பெட்ரோல் டாங்கியினுள் இருக்கும் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறப்பதும் மின்சாரமே. எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கணக்கிடுவது ஈ.சி.எம். எனப்படும் மின்னணுப் பெட்டி. சாவி உண்மையான சாவிதானா என்று சோதிப்பதும் ஒரு மின்னணுச் சுற்றே. மின்கலம் அடியோடு வற்றிவிட்டால் இவை எவையும் விழிப்பதில்லை. எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை.

நிறுத்தி வைத்த காரில் மின்சாரம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். சாவியை எடுத்த பின்னும் கடிகாரம், திருட்டுத் தடுப்புச் சாதனம், கதவுப் பூட்டின் ஏற்பி ஆகியவை அரைத்தூக்கத்தில் இருக்கின்றன. அவற்றிற்குச் சுமார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எப்போதும் தேவை. 40 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 0.96 ஆம்பியர் மணி. சிறு பெட்ரோல் கார்களின் மின்கல அடுக்கு பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி அளவுடையது. ஆகவே 18 நாட்களில் பாதி தீர்ந்துவிடும். மார்ச் 25 முதல் மே 31 வரை 68 நாட்கள்! திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் தானாக நடக்கும் மின்னிறக்கம் வேறு. கணக்கை அன்றே யாராவது போட்டுப் பார்த்திருந்தால், வாரம் ஒருமுறை எதிர்முனைக் கம்பியையாவது கழற்றி வைத்திருப்போம்.

ஒட்டன்சத்திரத்தில் ஓர் இரவு

ஜம்பர் போட்டு எடுத்த கார் மறுநாளிலிருந்து ஒழுங்காக ஓடியது. ஆனால் உள்ளே ஒரு நோய் தங்கிவிட்டது. காரீய அமில மின்கலம் மின்னிறக்கம் அடையும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. உடனே மின்னேற்றம் செய்தால் அது மீண்டும் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் கெட்டியான படிகங்களாக இறுகிவிடுகிறது. அவ்வாறு இறுகிய பரப்பு வேதிவினைக்கு உதவாது. மின்கலத்தின் கொள்திறன் குறைகிறது, அகமின்தடை கூடுகிறது. 1859-இல் பிரான்சு நாட்டு கஸ்தோன் பிளான்டே இம்மின்கலத்தைக் கண்ட நாள் முதல் இதன் குணம் இதுவே.

மறு ஆண்டு தைப்பூசக் காலம். பழனிக்குச் சவாரி சென்ற அப்பாவுடன் நானும் போயிருந்தேன். பயணிகளை இறக்கிவிட்டு இரவில் திரும்பும்போது, ஒட்டன்சத்திரத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். நான் வண்டியிலேயே அமர்ந்து விளக்கையும் பாட்டையும் போட்டு வைத்திருந்தேன். அப்பா வந்து சாவியைத் திருப்பினார். 'டக டக டக' என்று ஓர் ஒலி, 'செல்ஃப்' எடுக்கவில்லை. மீட்டர் பலகையில் எஞ்சின் விளக்கு, ஏ.பி.எஸ். விளக்கு, ஸ்டீயரிங் விளக்கு என்று சிவப்பும் மஞ்சளுமாக எல்லாம் ஒன்றாய் எரிந்தன. வேகமானியின் முள் நின்ற இடத்தில் ஆடியது. ஏதோ பேய் புகுந்ததுபோல் இருந்தது.

காய்கறிச் சந்தை ஊராதலால் லாரிகளுக்குக் குறைவில்லை. முதலில் கேட்ட லாரிக்காரர், "என்னோடது இருபத்து நாலு வோல்ட்டு, தம்பி. மாட்டினா உங்க வண்டியில இருக்கிற பெட்டியெல்லாம் கருகிப்போகும்" என்று மறுத்துவிட்டார். அவருக்கு இன்றும் நன்றி கூறுகிறேன். பிறகு தக்காளிப் பெட்டி ஏற்றிவந்த ஒரு சிறு வேன்காரர் உதவினார். வரும் வழியில் ஒரு திருப்பத்தில் வேகம் குறைந்தபோது ஸ்டீயரிங் திடீரென்று கல்லாய்க் கனத்தது. அப்பா இரு கையாலும் வளைத்தார்.

மறுநாள் ஒரு பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். ஏழு பிழை எண்கள் வந்தன. "ஈ.சி.எம். போயிருச்சு. மாத்தணும். முப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். அன்று மாலை அம்மா தோட்டைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து வைத்தது என் கண்ணில் இருக்கிறது.

ஓமின் விதி சொல்வது என்ன?

ஆறு அறைகள், அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட்; ஆகவே முழு மின்னேற்றம் பெற்ற அடுக்கு, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் சுமார் பாதி, 11.8-க்குக் கீழே ஏறக்குறையக் காலி. ஆனால் இந்த எண்களை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது 150 ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். நல்ல மின்கலத்தின் அகமின்தடை 0.01 ஓம் என்றால் உள்ளே இழக்கும் அழுத்தம் 1.5 வோல்ட். வெளியே சுமார் 11 வோல்ட் கிடைக்கும். அதே அகமின்தடை 0.03 ஓமாக உயர்ந்தால் இழப்பு 4.5 வோல்ட், கிடைப்பதோ 8 வோல்ட் அளவே. ஆய்வகத்தில் நாம் அளந்தது இதைத்தான், நண்பரே! அங்கே ஒன்றிரண்டு ஓம்; இங்கே ஓமில் நூறில் ஒரு பங்கு. ஆனால் மின்னோட்டம் நூறு மடங்குக்கு மேல்.

'டக டக' ஒலியும் நமக்குப் பழக்கமானதே. ஸ்டார்ட்டரின் மின்காந்தம் இழுத்துக்கொள்கிறது, பெரும் மின்னோட்டம் பாய்கிறது, அழுத்தம் சரிகிறது, மின்காந்தம் விட்டுவிடுகிறது, அழுத்தம் மீள்கிறது, மறுபடியும் இழுக்கிறது. பள்ளியில் படித்த மின்சார மணியின் வேலையே இது.

இனி அந்த விளக்குகள். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 மாசு விதி. வசதிகளும் விதிகளும் கூடக்கூட மின்னணுப் பெட்டிகளும் பெருகின. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று. இவை யாவும் முறுக்கிய இரண்டு கம்பிகளின் வழியே ஓயாது பேசிக்கொள்கின்றன. 'கேன்' எனப்படும் இம்முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் தாங்கக்கூடிய குறைந்த அழுத்தம் ஒன்று உண்டு. அது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். அழுத்தம் சரியும்போது ஒரு பெட்டி முதலில் மயங்குகிறது. மற்றவை அதைக் கூப்பிடுகின்றன, பதில் இல்லை. உடனே ஒவ்வொன்றும் தன் நினைவில் ஒரு பிழையைக் குறித்துக்கொள்கிறது. வகுப்பில் ஒருவன் பசியால் மயங்க, ஆறு பேர் தனித்தனியே "அவன் பேசவில்லை" என்று புகார் எழுதுவதுபோல! புகார்கள் ஏழு, நோய் ஒன்றே. அந்தப் பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கூறமாட்டேன். ஸ்கேனர் காட்டியதை அவர் படித்தார், அவ்வளவே.

ஸ்டீயரிங் கனத்ததற்கும் காரணம் இதுவே. மின்சார ஸ்டீயரிங்கின் மோட்டார், வண்டியைத் திருப்பும் அந்நேரத்தில் பல பத்து ஆம்பியர் கேட்கும். எஞ்சின் மெல்ல ஓடும்போது ஆல்டர்னேட்டர் அவ்வளவும் தராது. மீதியை மின்கலம் ஈடுசெய்ய வேண்டும். அதற்கு வலுவில்லையென்றால், கட்டுப்பாட்டுப் பெட்டி தன் உதவியைக் குறைத்துக்கொள்கிறது. மலையடிவாரச் சாலையில் இது சிறிய விஷயமன்று. சிக்னலில் எஞ்சினைத் தானே நிறுத்தும் வசதியுள்ள கார்களில் அவ்வசதி முதலில் வேலை செய்யாமல் போவதும் மின்கலத் தளர்ச்சியின் அறிகுறியாகலாம். காற்றுப்பை மட்டும் கொஞ்சம் முன்யோசனை உடையது. மோதலில் கம்பி அறுந்தாலும் விரிய வேண்டுமென்பதால், தன் பெட்டிக்குள் ஒரு மின்தேக்கியில் மின்னூட்டம் சேர்த்து வைத்திருக்கிறது.

பழைய மின்கலக் கடை அண்ணன்

தோட்டை எடுத்துக்கொண்டு போகும் வழியில், அப்பா தமக்குத் தெரிந்த ஒரு மின்கலக் கடையில் நின்றார். அம்பாசிடருக்கு டைனமோ கட்டிய காலத்து ஆள் அவர். "அண்ணே, பெட்டி போயிருச்சுங்கறாங்க" என்றார் அப்பா. "பொறு தம்பி. முதல்ல இதுல என்ன இருக்குன்னு பார்ப்போம்" என்று மீட்டரை எடுத்தார். ஓய்வில் 12.3. "நல்லாத்தானே இருக்கு?" என்றேன் நான். அவர் சிரித்துக்கொண்டு அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னார். 7.8! சுழற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் மின்கலத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அத்தொழிலில் உள்ள கணக்கு. புதிய மின்கலம் நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பிழைகளை அழித்தபின் அந்த ஏழில் ஒன்றும் திரும்பி வரவில்லை. தோடு அம்மாவின் காதுக்கே திரும்பியது.

அளக்கும் முறை எளிது. காலையில், வண்டியை எடுக்குமுன் ஒருமுறை, சாவியைத் திருப்பும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை. மூன்றாவது அளவு 13.8 முதல் 14.4 வரை இருந்தால் பெரும்பாலான கார்களில் ஆல்டர்னேட்டர் நலம். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளும் ஒரு மின்தடையே என்பதை மறக்கலாகாது. வெந்நீர் விட்டுத் துடைத்தால் போதும். ஜம்பர் போடுவோர், கடைசி இணைப்பை வற்றிய மின்கலத்தின் எதிர்முனையில் மாட்டாமல், சற்றுத் தள்ளி எஞ்சினின் உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். அதனருகில் பொறி பறக்கக் கூடாது.

இப்போது எங்கள் காரின் கையுறைப் பெட்டியில் ஒரு மல்ட்டிமீட்டர் கிடக்கிறது. ஞாயிறுதோறும் அப்பா அளவு சொல்ல, நான் என் ஆய்வகக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதி வருகிறேன். சென்ற வாரம் ஓய்வில் 12.5, சுழற்றும்போது 10.4.