ஸ்ட்ராபெர்ரி மூஸ்: பழி யார் மேல்?

டிசம்பர் பிறந்தால் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி பிளாஸ்டிக் டப்பாக்களில் நம் ஊர்ப் பழக்கடைகளுக்கு வந்துவிடுகிறது. கூடவே வீட்டில் மூஸ் செய்து பார்க்கும் ஆசையும் வருகிறது. செய்தது உறையாமல் கரண்டியிலிருந்து வழிந்தால் உடனே பொருள்கள் மேல் பழி விழும்: வெளிநாட்டு க்ரீம் இல்லை, பழம் தரமில்லை, ஜெலட்டின் பழசு. பெரும்பாலும் இவை எதிலும் குற்றமில்லை. எதை எந்தச் சூட்டில் எதனோடு சேர்த்தோம் என்பதில்தான் கோளாறு.

பொருளையே குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. “எந்த க்ரீமானாலும் விடாமல் அடித்தால் பொங்கிவிடும்” என்பது தவறு. குருமாவில் ஊற்ற வாங்கும் பாக்கெட் ஃபிரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். காற்றுக் குமிழிகளைச் சுற்றிக் கொழுப்புத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவராக நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தது 30 சதவீதம் வேண்டும், 35 இருந்தால் நிம்மதி. ஆனால் அந்த 35 சதவீத க்ரீமும் மே மாதச் சென்னைச் சமையலறையில் தோற்றுப்போகும். கொழுப்பு இளகினால் சுவர் சரிந்துவிடும். க்ரீம், பாத்திரம், பீட்டர் கம்பி எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்வித்து, ஐஸ் தண்ணீர்மேல் பாத்திரத்தை வைத்து அடியுங்கள். கம்பியைத் தூக்கினால் நுனி லேசாகச் சாய்ந்து நிற்கும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய்தான் திரளும்.

“பழம் புளிப்பு, க்ரீம் திரிந்துவிடும்” என்று பலர் பயப்படுகிறார்கள். பால் திரிவதைப் பார்த்துப் பழகியதால் வரும் பயம் இது. பாலில் திரிவது புரதம். கெட்டி க்ரீமில் புரதம் குறைவு, கொழுப்பு அதிகம். புளிப்புப் பட்டால் இன்னும் கெட்டிப்படும், அவ்வளவே. இங்கிலாந்தில் பாசெட் என்றொரு இனிப்பு இருக்கிறது: க்ரீமையும் சர்க்கரையையும் கொதிக்கவைத்து எலுமிச்சைச் சாறு விட்டால் தானே உறைந்துவிடும். ஆக, மூஸில் க்ரீம் பிரிந்து நின்றால் புளிப்பைக் குறை சொல்லாதீர்கள். அளவுக்கு மீறி அடித்திருப்பீர்கள், அல்லது பழக்கூழைச் சூடாக ஊற்றியிருப்பீர்கள்.

உறைந்த பெர்ரி மட்டம் என்ற எண்ணத்துக்கும் ஆதாரமில்லை. ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுக்காது. வெளுத்த காயாக வாங்கி அரிசிப் பானையில் புதைத்து வைத்தாலும் பயனில்லை; அதைவிடப் பழுத்த பின் பறித்து உறையவைத்த பழமே மேல். உறைய வைக்கும்போது பனித்துகள்கள் பழத்தின் செல்களைக் கிழிப்பதால், இளகியதும் சாறு தானாக இறங்கும். தட்டில் அழகாக அடுக்க இது உதவாது, கூழுக்கோ மிக வசதி.

நிறம் போதவில்லை என்று சிவப்புச் சாயம் தேடுவார்கள். பெர்ரியின் நிறம் ஆந்தோசயனின். புளிப்பில் சிவக்கும், புளிப்புக் குறையக் குறைய ஊதாப் பக்கம் சாயும். க்ரீம் கலந்ததும் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும். பாதிக் கூழை எவர்சில்வர் பாத்திரத்தில் சுண்டவைத்து, மீதியைப் பச்சையாகவே சேர்த்தால் நிறமும் வாசமும் தப்பும். இனிப்பைச் சற்றுத் தூக்கலாகவே வையுங்கள். குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும்.

இனி உறையவைக்கும் பொருளுக்கு வருவோம். சைவ வீடுகளில் அதிகம் சொதப்புவது இங்கேதான். “ஜெலட்டினுக்குப் பதில் அதே அளவு சைனா கிராஸ் போட்டால் போதும்” என்கிறார்கள். இரண்டும் நேரெதிர்க் குணம் கொண்டவை. ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. குளிர்ந்த நீரில் ஊறி, வெதுவெதுப்பில் கரையும், கொதித்தால் வலுவிழக்கும். உடல் சூட்டுக்கே உருகுவதால்தான் வாயில் வைத்ததும் மறைகிறது. அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றைப் பச்சையாகச் சேர்த்தால் அவற்றின் என்சைம்கள் அதை வெட்டிப்போடும். பெர்ரியில் அந்தத் தொல்லை இல்லை. 300 கிராம் கூழுக்கும் 250 மில்லி க்ரீமுக்கும் 6 கிராம் ஜெலட்டின் போதும். கூழ் தொட்டால் சுடாமல், இலேசாகக் கெட்டிப்படத் தொடங்கும்போது க்ரீமைக் கலக்க வேண்டும்.

சைனா கிராஸ் கடற்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அது தயாராகிறது; ரம்ஜான் மாதத்தில் கடல்பாசி என்ற இனிப்பைச் செய்யும் வீடுகளுக்கு அதன் போக்கு நன்றாகவே தெரியும். அது நன்கு கொதித்தால்தான் கரையும், சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். கரைத்த பாசியைக் குளிர்ந்த க்ரீமில் ஊற்றினால் அடுத்த நொடியே நூல் நூலாகத் திரண்டுபோவது இதனால்தான்.

வழி இருக்கிறது. 300 கிராம் கூழுக்கு இரண்டரை கிராம் சைனா கிராஸ் பொடியை 100 மில்லி தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பான கூழில் கலந்து முழுசாக உறையவிடுங்கள். உறைந்ததை மிக்ஸியில் மழமழவென்று அரைத்து, அதன் பிறகே அடித்த க்ரீமோடு சேருங்கள். எலுமிச்சையும் அப்போதுதான், புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் பாசியின் பிடி தளரும். ஜெலட்டின் மூஸின் கரைவு இதில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயில் காலப் பந்தியில் வழியாமல் நிற்பது இதுதான்.

பச்சை முட்டை இல்லாமல் மூஸ் கிடையாது என்பார்கள். சாக்லேட் மூஸின் பழைய முறை அது. பழ மூஸுக்குக் க்ரீமே போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் முட்டையின் சால்மோனெல்லா செத்துவிடும் என்று நம்ப வேண்டாம், ஃபிரீசரிலும் சாகாது.

“அவசரமா? ஃபிரீசரில் வை” என்பது கடைசி யோசனை. மேலே ஐஸ் துகள் கட்டும், இளகும்போது நீர் பிரியும். ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் கொடுங்கள். சிறு கிண்ணங்களில் ஊற்றினால் சீக்கிரம் உறையும், விருந்தாளி வந்த பிறகு வெட்டிப் பரிமாறும் வேலையும் இல்லை. மூடி வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். சைனா கிராஸ் மூஸ் என்றால் மறுநாளே அடியில் கொஞ்சம் நீர் கசியலாம், வடித்துவிட்டுச் சாப்பிடலாம்.