மங்கையர் இயற்றிய நூல்களைப் படிப்போம், பிறர்க்கும் எடுத்துரைப்போம்

நூலுக்கு அழிவு இரு வகையால் நேரும். செல்லும் ஈரமும் அரித்து அழிப்பது ஒன்று. படிப்பாரின்றி மறைந்து போவது மற்றொன்று. முன்னதைத் தடுக்க மருந்துண்டு. பின்னதைத் தடுக்கும் ஆற்றல் படிக்கின்ற நம்மிடமே உள்ளது. தமிழில் பெண்கள் இயற்றிய நூல்கள் பல இவ்விரண்டாம் அழிவுக்கு இரையாகியுள்ளன. ஆகவே, அவற்றைத் தேடிப் படிப்பதும், படித்தவற்றைப் பிறர்க்கு எடுத்துரைப்பதும் நம் கடமை என்பதை இப்பாடத்தில் விளக்க முற்படுகின்றோம். மாணவச் செல்வங்களோடு அவர்தம் பெற்றோரும், தோட்டத்தில் உழைக்கும் பெருமக்களும் இதனைப் படிக்குமாறு வேண்டுகின்றோம். எழுத்தறியாத பெரியோர்க்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்களாக.

ஒன்பது சிறுமியரின் பள்ளி

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூருக்குச் செல்லும் தமிழர், தேக்காவைக் காணாமல் திரும்புவதில்லை. சிராங்கூன் சாலையின் இருமருங்கும் பூக்கடைகளும், மளிகைக் கடைகளும், நகைக்கடைகளும், கோயில்களும் நிறைந்த அப்பகுதியை லிட்டில் இந்தியா என்றும் அழைப்பர். அதற்கு அண்மையில் ஷார்ட் ஸ்திரீட் என்னும் சிறு தெரு ஒன்றுண்டு. அத்தெருவிலிருந்த ஒரு கடைவீட்டில், 1887ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள், பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. தொடங்கியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோபியா பிளாக்மோர் அம்மையார். தொடக்கத்தில் அங்கு வந்து அமர்ந்த மாணவியர் ஒன்பதின்மர். அனைவரும் இந்தியச் சிறுமியர். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே அது முதலில் வழங்கப்பட்டது. இன்று மெதடிஸ்டு பெண்கள் பள்ளி என்னும் பெயருடன் சிங்கப்பூரின் புகழ்வாய்ந்த பள்ளிகளுள் ஒன்றாக விளங்குவது அதுவே.

இன்று நம் பள்ளியில் சிறுவரும் சிறுமியரும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்து கற்கின்றனர். அது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் அந்நாளில் ஒன்பது சிறுமியர் ஏடெடுத்துப் படிக்க அமர்ந்ததே பெருஞ்செய்தியாயிற்று. படிக்கக் கல்லாதவர் எழுதுதல் எங்ஙனம்? கடந்த நூற்றாண்டுகளில் பெண்கள் எழுதிய நூல்கள் குறைவாக இருப்பதற்கு அவர்தம் அறிவுக் குறைவு காரணமன்று. அவர்கள் கையில் ஏடும் எழுதுகோலும் கொடுக்கப்படாமையே காரணம் என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த பாடல்கள்

அங்ஙனமாயின் பண்டைக்காலத்துத் தமிழ்ப் பெண்கள் பாடவே இல்லையோ என்னும் ஐயம் எழலாம். பாடினர்; மிகச் சிறப்பாகவே பாடினர். சங்க இலக்கியத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்களின் பாடல்கள் உள்ளன என்பர் அறிஞர். ஔவையாரை நாம் அனைவரும் அறிவோம். ஒக்கூர் மாசாத்தியார், வெள்ளிவீதியார், காவற்பெண்டு முதலியோரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நச்செள்ளையார் என்னும் புலவர், காக்கை கரைவதை வைத்துப் பாடிய சிறப்பால் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றார்.

இப்பாடல்கள் நெடுங்காலம் பனையோலைச் சுவடிகளில் அடங்கிக் கிடந்தன. அவற்றைப் படிப்பாரும் அருகினர். உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர்தோறும் சென்று சுவடிகளைத் திரட்டி, 1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டார். காவற்பெண்டும் மாசாத்தியாரும் பாடிய பாடல்கள் அந்நூலில் உள்ளன. ஐயரவர்களைப் போன்றோர் உழைத்திராவிடில் அப்பெண்டிரின் குரல் இன்று நம் செவிக்கு எட்டியிராது. பாடியவர் ஒருவர், அதனைக் காத்து நம் கையில் சேர்த்தவர் மற்றொருவர். இருவர் பணியும் சேர்ந்தே நூல் வாழ்கின்றது.

எழுத்தால் உயர்ந்த மூவர்

அச்சுக்காலம் வந்த பின்னர் எழுதிய பெண்மணிகள் மூவரைப் பற்றி இனிக் காண்போம்.

முதலாமவர் வை. மு. கோதைநாயகி அம்மையார். இவர் 1901ஆம் ஆண்டு பிறந்தவர். பச்சிளம் பருவத்திலேயே மணம் முடிக்கப்பெற்றவர், பள்ளிக்கூடம் சென்றறியாதவர். தம் முதல் நாடகத்தை இவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். பின்னர் எழுதவும் கற்று, 115 நாவல்களை இயற்றினார். 1925ஆம் ஆண்டு முதல் ‘ஜகன்மோகினி’ என்னும் இதழைத் தாமே ஏற்று நடத்தினார். நாட்டு விடுதலைக்காகச் சிறையும் சென்றார். 1960ஆம் ஆண்டில் இவர் மறைந்தார். ஒரு காலத்தில் வீடுதோறும் விரும்பிப் படிக்கப்பட்ட இவருடைய நாவல்களுள் பல, இன்று தேடினாலும் எளிதில் கிட்டுவதில்லை. படிப்பார் கேளாமையால் நூல் மறைவது எங்ஙனம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இரண்டாமவர் திரிபுரசுந்தரி அம்மையார். ‘லக்ஷ்மி’ என்னும் புனைபெயரால் இவரைத் தமிழுலகம் அறியும். சென்னையில் மருத்துவம் பயின்ற காலத்தில் கதைகள் எழுதி, அவ்வருவாயைத் தம் படிப்புச் செலவுக்குப் பயன்படுத்திக்கொண்டார். மருத்துவரான பின்னும் எழுதுவதை விடவில்லை. 1984ஆம் ஆண்டில் ‘ஒரு காவிரியைப் போல’ என்னும் நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

மூன்றாமவர் ராஜம் கிருஷ்ணன் அம்மையார் (1925–2014). இவரை உழைக்கும் மக்கள் தனித்து அறிந்திருத்தல் வேண்டும். வீட்டிலிருந்தபடியே கற்பனை செய்து எழுதாமல், மக்கள் உழைக்கும் இடங்களுக்கே சென்று கண்டும் கேட்டும் எழுதியவர் இவர். தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் வாடும் தொழிலாளரைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ என்னும் நாவலையும், சிவகாசிப் பகுதியில் தீப்பெட்டித் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட சிறார்களைப் பற்றிக் ‘கூட்டுக் குஞ்சுகள்’ என்னும் நாவலையும் எழுதினார். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் சென்று, வெயிலிலும் மழையிலும் உழைத்து வந்த தோட்டத்துக் குடும்பத்தார் இந்நூல்களைப் படிப்பாராயின், தம் துயரையும் தம் உறுதியையும் அவற்றில் காண்பர். 1973ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது, தமிழில் அவ்விருதைப் பெற்ற முதற்பெண்மணி இவரே ஆனார்.

மலையகத்தில் ஒலித்த குரல்

தோட்டத்து மக்களிடையேயும் பெண்குரல் எழுந்ததுண்டு. இலங்கை மலையகத்தில் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார். தொழிலாளர் கூடிய இடங்களில் அவர்தம் இன்னல்களைப் பாட்டாகப் பாடி, அவர்களுக்கு ஊக்கமூட்டினார். படிப்பறியாத மக்களும் பாட்டைக் கேட்டுப் பொருள் உணர்ந்தனர். அப்பாடல்கள் 1940ஆம் ஆண்டில் சிறு நூலாக அச்சேறின. சாரல் நாடன் போன்ற மலையக ஆய்வாளர்கள் பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதியமையால், அவர் பெயரும் பணியும் மறக்கப்படாமல் நிற்கின்றன.

நம் தோட்டங்களிலும் பாட்டிமார் பாடிய தாலாட்டுகள் எத்தனை! பால்மரக் காட்டில் பாடிய பாடல்கள் எத்தனை! ஒப்பாரிகள் எத்தனை! அவையும் பெண்கள் இயற்றிய இலக்கியமே. ஏட்டில் எழுதுவாரின்மையால் அவற்றுட் பெரும்பாலானவை பாடியவரோடு மறைந்தன. எஞ்சியவற்றையேனும் காத்தல் வேண்டும்.

இன்றைய சிங்கப்பூரில்

ஒன்பது சிறுமியரொடு தொடங்கிய கதை இன்று எங்கு வந்து நிற்கின்றது என்பதைக் காண்போம். சிங்கப்பூரில் இன்று பெண்கள் பலர் தமிழில் சிறுகதையும், கவிதையும், நாவலும் எழுதி வருகின்றனர்.

லதா என்னும் பெயரில் எழுதும் கனகலதா, இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்பவர். ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ என்பது அவருடைய சிறுகதைத் தொகுதி. தலைப்பைக் கண்டு அஞ்ச வேண்டா. வீட்டிலும் வெளியிலும் பெண்கள் படும் பாட்டைச் சொல்லும் கதைகள் அவை. அந்நூல் 2008ஆம் ஆண்டு சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. பெற்றோர் இன்று படிக்கலாம்; மாணவர் வளர்ந்தபின் படிக்கலாம்.

மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய கமலாதேவி அரவிந்தன், செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சூழ வாழ்ந்த எளிய குடும்பங்களைப் பற்றி நாவல் எழுதினார். 2020ஆம் ஆண்டில் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தமிழ் அறியாதாரும் நம்மவர் வாழ்வைப் படித்தறிய அது வழி செய்தது.

தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், விக்டோரியா ஸ்திரீட்டில் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. தமிழ், அந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாதலின், அங்குத் தமிழ் நூல்களுக்கும் இடமுண்டு. மேலும் 2015ஆம் ஆண்டில், நாடு விடுதலை பெற்று 50 ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் தொகுத்துக் காக்கும் பணியைத் தன்னார்வலர் பலர் நூலக வாரியத்தோடு இணைந்து செய்து முடித்தனர். பெண்கள் எழுதிய நூல்களும் அவ்வாறு காக்கப்பட்டன.

எடுத்துரைத்தல் ஏன் வேண்டும்?

நல்ல நூல் தானே புகழ் பெறும் என்று சிலர் கூறுவர். ஒரு கணக்கைப் பார்ப்போம். 1955 முதல் 2024 வரை தமிழுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றோருள் பெண்கள் நால்வரே: 1973இல் ராஜம் கிருஷ்ணன், 1984இல் லக்ஷ்மி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் நால்வர்! எழுதிய பெண்கள் நால்வர்தாமா? அல்லர். எழுதினோர் பலர், எடுத்துரைக்கப்பட்டோர் சிலர்.

தமிழ் நூல்கள் பெரும்பாலும் குறைந்த படிகளே அச்சாகின்றன. விற்றால்தான் மறுபதிப்பு வரும். நூலகத்திலும் நெடுநாள் எடுப்பாரற்ற நூல் நாளடைவில் அலமாரியிலிருந்து அகற்றப்படும். ஆகவே ஒரு நூலை நாம் இரவல் பெற்றுப் படிப்பதே அதற்கு நாம் செய்யும் பாதுகாவல் ஆகும்.

ஆடவர் எழுதிய நூல்களைத் தள்ளிவிடுக என்று நாம் கூறவில்லை. பெண் எழுதினார் என்பதற்காகவே குறையுடைய நூலைப் புகழ்க என்றும் கூறவில்லை. கையில் எடுத்துப் பார்க்காமலே ஒதுக்குவது முறையன்று என்கின்றோம். படித்தபின் நிறையும் குறையும் ஆராய்ந்து கூறுவோமாக.

நாம் செய்யத்தக்கவை

மாணவர்களே! திங்கள்தோறும் பெண் எழுத்தாளர் ஒருவரின் நூலையேனும் நூலகத்திலிருந்து எடுத்துப் படியுங்கள். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பிடித்த செய்தி ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நூல் இல்லையெனில் ஆசிரியரிடம் கேளுங்கள், கேட்டால்தான் வாங்கப்படும். சிறுவர்களும் இதனைச் செய்தல் வேண்டும். இது சிறுமியர்க்கு மட்டும் உரிய பாடம் அன்று.

பெற்றோர்களே! மாலையில் கால் மணி நேரம் உங்கள் மகளையோ மகனையோ உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டு வேலையைக் காரணம் காட்டிப் பெண்பிள்ளையின் கையிலுள்ள புத்தகத்தை வாங்கி வைக்காதீர்கள். அவ்வேலையை மகனும் பகிர்ந்து செய்யலாம். பிறந்த நாளுக்கு ஒரு நூலைப் பரிசாகக் கொடுங்கள்.

பாட்டிமார்களே! உங்கள் பாடல்களையும், நீங்கள் இளமையில் கண்டவற்றையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். கோதைநாயகி அம்மையாரின் முதற்படைப்பும் வாயால் சொல்லி எழுதப்பட்டதே அன்றோ?

இவற்றைச் செய்வோமாயின், மறைந்து போகும் நிலையிலுள்ள நூல்கள் மீண்டும் கைக்கு வரும். நம் பள்ளியில் இன்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமி ஒருத்தி நாளை நூல் எழுதக்கூடும். அந்நூலைப் படிக்கும் பழக்கத்தை இன்றே நாம் கற்றுக்கொள்வோமாக.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஷார்ட் ஸ்திரீட்டில் 1887ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளியில் எத்தனை மாணவியர் இருந்தனர்?

2. காக்கைபாடினியார் அப்பெயர் பெற்றது எதனால்?

3. ராஜம் கிருஷ்ணன் தம் நாவல்களுக்குச் செய்தி திரட்டிய முறை யாது?

4. நூலகத்தில் எடுப்பாரற்ற நூலின் நிலை என்னவாகும்?

5. உங்கள் பாட்டியோ அன்னையோ பாடும் பாடல் ஒன்றைக் கேட்டு எழுதி வந்து வகுப்பில் படித்துக் காட்டுக.