கடைக்குக் கம்ப்யூட்டர்: கம்பெனிப் பெட்டியா, அசெம்பிள் செய்ததா?



பில் போடவும், சரக்கு இருப்புப் பார்க்கவும், ஜி.எஸ்.டி. கணக்கு வைக்கவும் இன்று மளிகைக் கடைக்கும் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது. கம்பெனியார் தயாராகச் செய்து தரும் பெட்டியை வாங்குவதா, பாகங்களைத் தனித்தனியே வாங்கி அசெம்பிள் செய்துகொள்வதா என்பதே உறுப்பினர் பலரின் கேள்வி.

ஓரிக்கை, காஞ்சிபுரம் வணிகர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். நெய்து முடித்த பட்டுச் சேலையை வாங்கி விற்பவர் உண்டு. பட்டு நூலும் ஜரிகையும் தாமே வாங்கிக் கொடுத்து, நெசவாளரிடம் கூலிக்கு நெய்து வாங்குபவரும் உண்டு. முன்னவர் முத்திரையை நம்புகிறார். பின்னவருக்கு நூலின் எடையும் ஜரிகையின் தரமும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் லாபம், தெரியாவிட்டால் நட்டம்.

பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது ஏன்?

1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரைப் பெரும்பாலும் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டு செய்தது. அதன் அமைப்பு விவரங்களையும் வெளியிட்டது. பிறரும் அதற்குப் பொருந்தும் பாகங்களைச் செய்தனர். 1995-ல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். முறை, மதர்போர்டு, கேபினெட், பவர் சப்ளை ஆகியவற்றுக்குப் பொது அளவைத் தந்தது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்க முடிவது இதனால்தான். தயாரான பெட்டியும் தொலைவிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007-ல் தொழிற்சாலை தொடங்கியது.

விலையை ஒப்பிடும் முறை

அசெம்பிள் செய்தால் மலிவு என்று சொல்லும் கொட்டேஷனில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமத்தின் விலை இராது. கம்பெனிப் பெட்டி பலவற்றில் அது சேர்ந்தே வரும். அதையும் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். உரிமமில்லாத நகலைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். வைரஸுக்கும் அதுவே வாசல்.

அடுத்தது வரி. கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 36,000 ரூபாய்ச் சரக்குக்கு வரி 6,480. மொத்தம் 42,480 ரூபாய். உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு முறையான பில் வாங்கினால் அந்த 6,480 ரூபாயை உள்ளீட்டு வரியாக வரவு வைக்கலாம். வரியில்லாத சரக்கும் விற்பவருக்கு அந்த அளவுக்கு வரவு குறையும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு வரவு கிடையாது. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் வரி வரவும் போகும், வாரண்டியும் போகும்.

பழுதானால் யார் வருவார்?

கம்பெனிப் பெட்டிக்கு மொத்தமாக ஒரே வாரண்டி. ஆள் கடைக்கே வந்து பார்ப்பாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் பெற வேண்டும். அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி வேறு, காலமும் வேறு. எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. ஆனால் பொது அளவுப் பாகங்கள் என்பதால் பவர் சப்ளை போனால் அன்றே வேறு வாங்கி மாட்டலாம். கம்பெனிப் பெட்டிகள் சிலவற்றில், சிறிய அளவில் வருபவற்றில் குறிப்பாக, பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். வாரண்டி முடிந்தபின் அதே பாகத்தைத் தேடி அலைய வேண்டும்.

பழையதைச் சீர்செய்யலாமா?

மெதுவாக ஓடும் பழைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ராம் நினைவகத்தை 8 ஜி.பி. ஆக்கினால் பில் போடும் வேலைக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் செலவு செய்யுமுன் ஒன்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வசதியும், இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதும் வேண்டும். இவை இல்லாத மெஷினில் பணம் போடுவது வீண்.

வாங்குமுன் கவனிக்க

1. உங்கள் எலக்ட்ரானிக் தராசு பழைய சீரியல் போர்ட்டில் இணைவதா? புதிய மெஷின் பலவற்றில் அந்த இணைப்பு இல்லை.

2. டேலி வைத்திருப்பவர்கள் பழைய மெஷினைக் கழிக்குமுன் அதிலிருந்து லைசென்ஸை சரண்டர் செய்ய வேண்டும்.

3. எந்தப் பெட்டியானாலும் யு.பி.எஸ். வேண்டும்.

4. கடன் பாக்கிக் கணக்கை நாள்தோறும் பென் டிரைவில் நகல் எடுத்து, கடைக்கு வெளியே வைக்க வேண்டும். வாரண்டியில் புது டிஸ்க் கிடைக்கும். அதில் இருந்த பற்று வரவு கிடைக்காது.

முடிவாக

ஒரே கல்லா, கம்ப்யூட்டர் தெரிந்தவர் வீட்டிலோ கடையிலோ இல்லை என்றால், ஆள் கடைக்கு வந்து பார்க்கும் வாரண்டியுள்ள கம்பெனிப் பெட்டியே நல்லது. மூன்று, நான்கு கவுண்டர் உள்ள மொத்த வியாபாரிக்கு, ஒரே மாதிரிப் பாகங்களால் அசெம்பிள் செய்து, ஒரு பவர் சப்ளையும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் கூடுதலாக வாங்கி வைப்பது சிக்கனம்.

தீபாவளிக்கு முதல் நாள் பில் மெஷின் நின்றால், வாங்கும்போது மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ஒரே மாலையில் போய்விடும். ஆகவே கடைக்காரரிடம், "என்ன விலை?" என்பதற்கு முன், "நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் ஓட வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு எழுத்தில் பதில் தருபவரிடமே வாங்குங்கள்.