பத்து நாள் முகாமா, பத்து நிமிடமா?

நான் கல்லூரி விடுதியில் பதினான்கு ஆண்டுகளாக வார்டன். பிளஸ் டூ முடிவு வந்ததும் பிள்ளைகள் எப்படிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த கதை. அத்தை மகன் எடுத்தான், அப்பா சொன்னார், இந்த வருஷம் இதற்குத்தான் கிராக்கி. இப்போது தியானத்தையும் அதே கணக்கில்தான் எடுக்கிறார்கள்.

போன செமஸ்டரில் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவன் போனில் தியான ஆப் வைத்திருந்தான். 140 நாள் விடாமல் செய்திருப்பதாக அது காட்டியது. இரவு பதினொன்றரைக்கு ரவுண்ட்ஸ் போனபோது, மூச்சைக் கவனிக்கும்படி ஒரு குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. பையன் துணி மடித்துக்கொண்டிருந்தான். கேட்டால், “ஸ்ட்ரீக் போயிடும் சார்” என்கிறான்.

இரண்டாமவனுக்கு மூன்று அரியர். அப்பா அவனைப் பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்தவன் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. “கண்ணை மூடினாலே பயமா இருக்கு சார்” என்றான். அப்பாவைக் கூப்பிட்டேன். “பத்து நாள் உட்கார்ந்துட்டு வந்தா எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்களே சார்” என்று அவர் என்னையே கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் கிடைப்பவை உங்களுக்குத் தெரிந்தவைதான். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலைக்குப் பல ஊர்களில் மன்றம் இருக்கிறது, தலைமையிடம் ஆழியாறு. முதலில் உடற்பயிற்சி, பிறகு ஆக்கினை, சாந்தி, துரியம் என்று படிப்படியாகத் தவம். தனியாக உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறவர்களுக்கும், நாலு பேர் கூட இருந்தால்தான் எதையும் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். மகேஷ் யோகி பரப்பிய ஆழ்நிலைத் தியானத்தில் ஒரு மந்திரம் தருவார்கள். காலை இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம். கட்டணம் உண்டு. வீட்டில் ஜபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மந்திரம் சுலபமாகப் பழகும். சாமி, மந்திரம் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு மைண்ட்ஃபுல்னஸ். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்காக வகுத்த எட்டு வாரப் பயிற்சியிலிருந்து கிளைத்தது அது. ரமணர் காட்டிய ‘நான் யார்’ விசாரணையை இருபது வயதில் தொட வேண்டாம் என்பேன். அந்த வயதில் அது பட்டிமன்றமாகத்தான் முடிகிறது.

இவற்றில் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. நான் பயப்படுவது, முதல் படியாகவே பத்து நாள் மௌன முகாமில் போய் இறங்குவதைப் பார்த்துத்தான். இன்று பிள்ளைகள் மத்தியில் அதற்குத்தான் மவுசு. “நான் பத்து நாள் பேசாம இருந்தேன்” என்பது மலையேறி வந்தேன் என்பதுபோல ஆகிவிட்டது.

இந்த முகாம்களில் பெயர்பெற்றது கோயங்கா வழி விபாசனா. அங்கே மாணவர் எதை ஒத்துக்கொண்டு போகிறார் என்று பாருங்கள். காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். படுக்க இரவு ஒன்பதைத் தாண்டும். இடையில் ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்கார வேண்டும். போன், புத்தகம், பேனா எதுவும் கூடாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு. நான்காம் நாளிலிருந்து தலை முதல் கால் வரை உடம்பின் உணர்ச்சிகள். கட்டணம் கிடையாது, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. பயிற்சியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. உண்மையான பயிற்சி என்பதால்தான் எச்சரிக்கிறேன்.

பேச்சும் போனும் வேலையும் போய்விட்டால், நாம் இத்தனை நாள் உள்ளே அமுக்கி வைத்ததெல்லாம் மேலே வரும். கொஞ்சம் பழகியவருக்கு அது பாடம். காதல் தோல்வியோடும் அரியரோடும் போகிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது வெள்ளம். தீவிரமான மனநோய் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று அந்த மையங்களே சொல்கின்றன. விண்ணப்பத்தில் கேட்கவும் செய்கின்றன. அப்பா நிரப்புகிற விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்கு எப்போதும் ‘இல்லை’தான். தியானத்தில் பயம், தூக்கமின்மை போன்ற தொல்லைகள் வருவதுண்டு என்பதை 2017இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தியானம் செய்பவர்களிடமே கேட்டுப் பதிவு செய்தார்கள்.

இன்னொன்று. கோயங்கா பர்மாவில் வியாபாரியாக இருந்தபோது, மைக்ரேன் தலைவலி தீரட்டும் என்றுதான் ஊ பா கின்னிடம் போனார். தலைவலிக்காக வந்தால் சொல்லித்தர மாட்டேன் என்று குரு முதலில் மறுத்துவிட்டார். அந்தக் குரு மாத்திரையாகத் தர மறுத்ததை நாம் அரியருக்கு மாத்திரையாக வாங்குகிறோம்.

முகாம் முடிந்த பிறகுதான் உண்மையான பில் வரும். வீட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். விடுதியில் இது நடக்குமா? நானும் முப்பத்து நான்கு வயதில் ஒரு முகாமுக்குப் போனவன். முகாம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது உலகமே கழுவி வைத்தது மாதிரி இருந்தது. பதினோரு நாள் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் நாள் விட்டேன்; மூன்று வருஷம் விட்டேன். அலமாரியில் தியான மெத்தையைப் பார்க்கிறபோதெல்லாம் குற்ற உணர்ச்சி வந்ததுதான் மிச்சம்.

பிறகு நண்பர் ஒருவர் ஜென்காரர்களின் பாலபாடத்தைச் சொல்லித்தந்தார். மூச்சை விடும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பத்து வரை எண்ணு. தவறினால் திரும்ப ஒன்று. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், போர்வையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது மூச்சில் மோட்டாரை நிறுத்தினோமா என்ற நினைப்பு. ஒன்று. நான்காவதில் பிஎஃப் கடன். ஒன்று. ஒருநாள் எண்ணிக்கை பதினேழு வரை போயிருந்தது. பத்தைத் தாண்டியதே தெரியவில்லை. முழுதாகப் பத்தைத் தொட ஏழு மாதமானது. செலவு நாளுக்குப் பத்து நிமிடம். இன்று வரை நிற்கவில்லை. இருபது வயதுக்காரர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கை சலித்தால் நடந்து பாருங்கள்; பாதம் தரையில் படுவதைக் கவனித்து நடப்பதும் தியானம்தான். எதை எடுத்தாலும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அது ஒன்றையே செய்யுங்கள். திங்கள் மந்திரம், புதன் மூச்சு என்று மாற்றாதீர்கள். உறை ஊற்றிய பாலை அரை மணிக்கு ஒருதரம் கிளறிப் பார்த்தால் தயிர் தோயாது. பயமோ தூக்கமின்மையோ கூடினால் அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். அதில் வெட்கத்துக்கு ஒன்றுமில்லை.

படிப்பைப் போலத்தான் இதுவும். எது சிறந்தது என்பதைவிட எது உங்கள் சுபாவத்துக்கு ஒட்டும் என்பதே கேள்வி. துறுதுறுவென்று இருப்பவனைச் சிலையாக உட்காரவைப்பது, ஓவியம் வரைகிறவனை அக்கவுண்டன்சியில் சேர்ப்பது மாதிரி. ஒட்டுகிறதைக் கண்டுபிடிக்க நாளாகும். அந்த நாள்களை வீண் என்று கணக்கெழுதாதீர்கள்.

அந்த இரண்டாமவனை மருத்துவரிடம் அழைத்துப்போனோம். இப்போது தூங்குகிறான். விடிகாலையில் மைதானத்தைச் சுற்றிப் பேசாமல் நடக்கிறான். அதை அவன் தியானம் என்று சொல்வதில்லை. அப்பா போன வாரம் மறுபடி போன் செய்து, இந்த மே மாதம் எந்த முகாமில் சேர்க்கலாம் என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன்: பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பும் முன், நீங்கள் ஒரு மண்டலம் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு பேசுவோம்.