கருவி பொருத்த வரும் தம்பிகளுக்கு ஏழு வார்த்தைகள்

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் பொருத்தியே என் காலம் போனது. புதிதாக இந்த வேலைக்கு வரும் உங்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்துகொண்டு அதைப் படகுக்காரருக்குச் சொல்லுங்கள். அதை நம்பித்தான் அவர் கடலுக்குப் போகிறார்.

1. ரேஞ்ச்: வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் எட்டாது. அதனால் ஆண்டெனாவை உயரத்தில் கட்டுங்கள். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதை மறக்காதீர்கள். 16ஆம் சேனல் ஆபத்துக் குரலுக்கானது. அதில் ஊர்க்கதை பேசக் கூடாது.

2. ரிசீவர்: ஜிபிஎஸ், நாவிக் இரண்டும் செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்டு இடத்தைக் கணக்கிடும். கரைக்குத் தாமாக ஒன்றும் சொல்லாது. “ஜிபிஎஸ் இருக்கிறது, நம்மைத் தேடி வந்துவிடுவார்கள்” என்று நினைப்பவரை உடனே திருத்துங்கள்.

3. அப்லிங்க், டவுன்லிங்க்: படகிலிருந்து மேலே போவது அப்லிங்க், மேலிருந்து கீழே வருவது டவுன்லிங்க். 2015 ஆகஸ்டில் ஏவிய ஜிசாட்-6 போன்ற செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. செய்தி ஏறி இறங்கவே கால் நொடி ஆகும்.

4. பேண்ட்விட்த், லேட்டன்சி: இரண்டையும் குழப்பாதீர்கள். எண்ணூர் சாலையின் அகலம் பேண்ட்விட்த். ஒரு கண்டெய்னர் லாரி துறைமுகம் போய்ச் சேர ஆகும் நேரம் லேட்டன்சி. படகிலிருந்து செயற்கைக்கோளோடு பேசும் டிரான்ஸ்பாண்டரின் சாலை குறுகலானது. சிறு செய்திதான் போகும். படம் போகுமா என்று ஓனர் கேட்டால் போகாது என்று சொல்லிவிடுங்கள்.

5. அக்னாலெட்ஜ்மெண்ட்: ‘கிடைத்தது’ என்று திரும்பி வரும் பதில். 2010 முதல் புழங்கிய இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி அனுப்ப மட்டுமே செய்தது. 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவிக்குப் பதிலும் வரும். தத்தளிப்பவருக்கு அந்தப் பதிலே பாதி உயிர்.

6. ஐடி: கருவியின் எண் ஒரு படகின் பெயரில் பதிவாகியிருக்கும். விற்ற படகிலிருந்து கழற்றிய கருவியை, பதிவை மாற்றாமல் ஒருமுறை வேறு படகில் மாட்டிவிட்டேன். சோதனைக்கு அழுத்தியதும் பழைய ஓனர் வீட்டுக்குப் போன் போய், அந்த வீட்டு அம்மா அழுதுகொண்டே ஓடி வந்தார். பதிவை மாற்றாமல் கருவியை மாற்றாதீர்கள்.

7. கனெக்டர்: உப்பு எல்லாவற்றையும் தின்னும். மூட்டுகளை நீர் புகாமல் இறுகச் சுற்றுங்கள். ஆண்டெனாவுக்கு மேலே திறந்த வானம் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். டிரைவரோடு, படகில் வயதில் சின்னவனையும் கூப்பிட்டு ஆபத்துப் பொத்தானைக் காட்டுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். கடலில் விழுந்தவர் டிரைவராகவே இருந்தால், அந்தப் பையன்தான் அழுத்த வேண்டும்.